சித்தியின் மூன்று வாக்கியங்கள்

ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் சித்திக்குப் பதினோரு வருட வேலை. அங்கே புதிதாக ஒரு ராட்சத மெஷின் வந்தது. ஓட்டக் கற்றுத்தர வந்தவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அதை ஓட்ட, கூடத்தில் இருந்த ஆறு பேரில் வெள்ளிக்கிழமை ஒருத்தியை எடுப்பார். திங்கட்கிழமை இன்னொருத்தியை. மற்ற நான்கு பேரும் வீட்டுக்கு.

நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த நான், பையைக்கூடப் பிரிக்காமல் சித்தி வீட்டில் கிடந்தேன். அவள் கரண்டியோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே கேட்டாள்.

"ஏன்டி, புரியலைன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? முட்டாள்னு நினைக்கக் கூடாது."

"ஐ டோன்ட் ஃபாலோ."

"அது சின்னக் குழப்பத்துக்கு. அதுக்கு மேல?"

"யூ லாஸ்ட் மீ. உங்க பேச்சுல நான் வழிதவறிட்டேன்னு."

"பரவாயில்லையே, தப்பு அவர் தலையில விழுது. ஒரு மண்ணும் புரியலைன்னா?"

"ஐ கான்ட் மேக் ஹெட் ஆர் டெயில் ஆஃப் இட். தலையும் தெரியலை, வாலும் தெரியலை."

"எந்த மாட்டுக்கு?"

இரண்டு நாள் வீடே அதிர்ந்தது. ரிமோட் எங்கே என்று கேட்ட சித்தப்பாவுக்கு, "யூ லாஸ்ட் மீ" என்று பதில் வந்தது.

அந்தக் கூடத்தில் புரியாவிட்டாலும் "எஸ் சார்" சொல்வதுதான் வழக்கம். வியாழக்கிழமை, உள்ளே வெந்நீர் இருக்கும்வரை கதவைத் திறக்கவிடாத பூட்டை அவர் விளக்கியபோது ஐந்து பேர் எஸ் சார் போட்டார்கள். சித்தி மூன்று வாக்கியங்களையும் வரிசையாகச் சொன்னாள். அவர் மூன்று முறை விளக்கினார், கடைசியில் கதவைத் திறந்து தொட்டுக் காட்டினார். டீ நேரம் போய்விட்டது.

"பெரிய இங்கிலீஷ்காரி. உன்னால எங்க டீயும் போச்சு," என்றாளாம் பக்கத்து மேசைக்காரி.

அன்று சித்திக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை வைப்பாள், எழுவாள், ஜன்னலைச் சாத்துவாள், திறப்பாள்.

"மூணு தடவை புரியலைன்னவளை எவன்டி எடுப்பான்? பேசாம எஸ் போட்டிருக்கலாம்."

மறுநாள் அவர் எதுவும் விளக்கவில்லை. ஒவ்வொருத்தியையும் ஓட்டச் சொன்னார். ஐந்து பேருக்கும் பூட்டு திறக்கவில்லை, சிவப்பு விளக்குதான் எரிந்தது. சித்திக்குத் திறந்தது.

"என்னை எடுத்துட்டார்," என்று செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். அதற்குள் போன் அடித்தது. பக்கத்து மேசைக்காரி.

"அக்கா, திங்கட்கிழமைக்குள்ள எனக்கு அந்த வாலு வாக்கியம் வேணும். மெதுவா சொல்லு, எழுதிக்கிறேன்."

சித்தி செருப்போடு நடக்க ஆரம்பித்தாள்.

"எடுத்ததும் வாலுக்குப் போகாதே. முதல்ல சின்னக் குழப்பம். எழுது."