பதிலுக்குக் காத்திருந்த நஸீமா டீச்சர்

ஞாயிறு பூசை முடிந்து தலவிலத் தேவாலய வளவில் நின்றபோது அதிபரின் அழைப்பு வந்தது. விடுமுறை நாளிலும் இந்த மனிதர் விடமாட்டார் என்று சலித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"டீச்சர், நம்மட நஸீமா டீச்சர் விடிய சுபஹு நேரம் மௌத்தாயிட்டாங்க. நெஞ்சு நோவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயாம்."

"ஓம் சேர், ஓம் சேர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். வியாழக்கிழமை என் வகுப்புப் பிள்ளை ஸப்னாவை மறுபடியும் சோதிக்க வருகிறார்கள், இந்த நேரம் பார்த்து இப்படிப் போய்விட்டாரே என்று கோபம்.

அவரை அறியாதவர்களுக்காக இந்த அஞ்சலியில் சொல்கிறேன். எத்தாளைப் பக்கத்தில் எங்களுடையது ஒரு சிறிய பாடசாலை. நான் மூன்றாம் தரத்தின் வகுப்பாசிரியை. நஸீமா டீச்சர் ஆங்கிலம் கற்பித்தவர். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் எங்களிடம் மாற்றலாகி வந்தார். வந்த அன்றே அதிபரிடம் அவர் கேட்டது முதலாம் தரத்துப் பிள்ளைகள் இருக்கும் குட்டிக் கதிரை ஒன்று. அதில்தான் இருந்து படிப்பிப்பார். "இடுப்பு ஒடியப்போகுது டீச்சர்" என்று நான் பகிடி பண்ணினேன்.

"மேலயிருந்து பாத்தா புள்ளைகள்ட நெத்தி மட்டுந்தானே தெரியுது" என்றார்.

சிறுமியாக இருந்தபோது வடக்கிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஓலைக் கொட்டில் பாடசாலையில் முதல் தவணை முழுவதும் வாயே திறக்கவில்லையாம். ஊமைப் பிள்ளை என்று பின் வரிசை வாங்கில் இருத்திவிட்டார்களாம். ஒருநாள் இடைவேளையில் பாணைப் பிய்த்துக்கொண்டே இதைச் சொன்னார். "எனக்கு எல்லாம் வெளங்கினது டீச்சர். வாய்தான் வரல்ல. ஒருத்தரும் காத்துக்கிட்டு இருக்கல்ல."

ஆகவே பிள்ளைகளைச் சோதித்துப் புள்ளி போடும் அவருடைய கணிப்பீடும் வேறுமாதிரி இருந்தது. முற்றத்துப் பூவரச மரத்தின் கீழே பாயை விரிப்பார். சீப்பு, சிரட்டையில் உப்பு, வலையில் கட்டும் மிதவை, சில நாட்களில் உயிருள்ள நண்டு என்று அதில் கடை பரப்புவார். ஒரு பிள்ளை விற்கும், மற்றது வாங்கும். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கவேண்டும். டீச்சர் குட்டிக் கதிரையில் இருந்து, முகத்தைக் கொஞ்சம் அப்பால் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை தடுமாறினால் எடுத்துக் கொடுக்க எனக்கு வாய் துறுதுறுக்கும். கண்ணாலேயே என்னை அடக்குவார்.

"கேட்டதுக்குப் பொறகு நாம வாயத் தொறக்கப்படா டீச்சர். அது அவங்கட நேரம். முதல்ல பாக்கட்டும், பொறகு பதிலச் செல்லட்டும்."

அந்தக் கடையில் கெட்டிக்காரி ஸப்னா. வாப்பா கரைவலைக்குப் போகிறவர், உம்மா கரையில் மீன் தெரிப்பவர். பிள்ளையும் விடியற்காலையில் உம்மாவோடு குந்தியிருந்து சூடையை வேறாக, விளைமீனை வேறாக ஒதுக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வரும். அதிகம் கதைக்காது. கதைத்தால் சரியாகத்தான் கதைக்கும். நஸீமா டீச்சர் அதற்கு வகுப்பிலேயே கூடிய புள்ளி போட்டிருந்தார்.

போன தவணையில் வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. ஆசிரியர்கள் போடும் புள்ளி சரிதானா என்று பார்க்கிறார்களாம். பாடம் எடுக்கும் ஆசிரியர் உள்ளே இருக்கக்கூடாது என்றார்கள். வகுப்பாசிரியை என்பதால் நான் ஒரு மூலையில் நின்றேன். வந்த அதிகாரி இளம் பெண், கெட்டவரும் அல்ல. ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, "வட் இஸ் திஸ்?" என்று கேட்டார்.

படத்தில் ஒரு மீன். எத்தாளைப் பிள்ளையிடம் மீனைக் காட்டிக் கேட்கிறார்களே, இதைவிடச் சுகமான கேள்வி உண்டா என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஸப்னா பார்த்தாள். கிட்டப் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தாள். பேச்சில்லை. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த படம், அதற்கடுத்த படம். பயந்துபோன பிள்ளை பிறகு எதற்குமே வாய் திறக்கவில்லை. பூச்சியம்.

பாடசாலை விட்டபின் நஸீமா டீச்சர் குட்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து ஸப்னா சொன்னாள்.

"அது என்ன மீனெண்டு வெளங்கல்ல டீச்சர். செட்டை பாரை மீனுக்கு மாதிரி ஈக்கி. வாய் அப்பிடி இல்ல. அப்பிடி ஒரு மீன் இல்ல டீச்சர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யாரோ மேசையில் குந்தியிருந்து கீறிய மீன் படம். எங்கள் கரையில் எவரும் பெயரில்லாமல் ஒரு மீனைப் பார்ப்பதில்லை.

மேலிடத்தில் இந்த விளக்கம் எடுபடவில்லை. மீனை ஃபிஷ் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு எப்படிக் கூடிய புள்ளி போட்டீர்கள் என்று கேட்டார்கள். ஸப்னாவை மெல்லக் கற்கும் பிள்ளைகளின் வாங்குக்கு மாற்றச் சொன்னார்கள். ஊரில் கதை இன்னும் கேவலமாகப் போனது. அந்த வீட்டில் மீன் வாங்கித் தின்றுவிட்டுப் புள்ளி போட்டாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து டீச்சர் மீன் கறி கொண்டுவரவே இல்லை. பருப்பும் சோறும்தான்.

ஆனாலும் விடவில்லை. அலைந்து திரிந்து மறுசோதனைக்குச் சம்மதம் வாங்கினார். "எனக்கு நல்ல பேர் வேணாம் டீச்சர். அவ அந்தப் பின்வாங்கில ஒரு வருஷம் இருந்தா, பொறகு அவக்கே அது உண்மையாப் போயிரும்" என்றார். அந்த வாங்கில் இருந்தவருக்குத்தானே அது தெரியும்.

மௌத்து வீட்டில் பெண்களோடு நானும் இருந்தேன். அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவை எடுத்தார்கள். ஸப்னாவின் உம்மா ஒரு மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இனி இந்தப் புள்ளைக்காக ஆரு டீச்சர் கதைக்கிற?" என்றார். நான் இருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை அதே குழு, அதே படங்கள். அட்டையை முழுதாகத் திருப்பக்கூட இல்லை, ஸப்னா "ஃபிஷ்" என்றாள். மற்றப் படங்களுக்கும் அப்படியே படபடவென்று சொல்லி முடித்தாள். முழுப் புள்ளி. பின்வாங்கு தேவையில்லை என்றார்கள். நஸீமா டீச்சர் போட்ட புள்ளி சரிதான் என்றும் ஒப்புக்கொண்டார்கள். அதிபருக்குப் பெரிய சந்தோஷம், எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார்.

நான் வெளியே வந்தபோது ஸப்னா பூவரச மரத்தடியில் தனியாக நின்றாள். கெட்டிக்காரி என்று தலையைத் தடவினேன். அவள் நிமிரவில்லை.

"உம்மாதான் படத்தைப் பாக்காம ஃபிஷ் எண்டு செல்லச் சொன்னாங்க. நான் மீனைப் பாக்கவே இல்ல டீச்சர். நஸீமா டீச்சர் ஏசுவாங்களா?"

உள்ளே போய் அந்தக் குட்டிக் கதிரையை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டு இருந்தேன். இடுப்பு வலித்தது. அவளுடைய முழு முகமும் தெரிந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள், நீங்கள் பழக்கிய மாதிரியே டீச்சர், நான் சொல்லும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல்.

நிம்மதியாக உறங்குங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை டீச்சர். அவள் கேட்டது உங்களுக்கான கேள்வி. நீங்கள் போய்விட்டீர்கள். நானோ இன்னும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறேன்.