கொம்பு தேயாத காட்டெருமை

அந்தக் காட்டெருமைக்குக் கொம்பு முழுசாக இருக்கிறதாம். சொன்னது கோர்டி. அவனும் கண்ணால் பார்க்கவில்லை, மச்சான் சொல்லக் கேட்டதுதான். ஆற்றோர ஊரில் கடை வைத்திருக்கும் டெல்பர்ட்டிடம் 1926ஆம் வருஷம் டென்வரில் அச்சான, காட்டெருமை பொறித்த ஐந்து சென்ட் நிக்கல் காசு ஒன்று வந்திருக்கிறது என்றான்.

"திமிலுக்குப் பின்னால பிறை மாதிரி ஒரு வெட்டு. அது மட்டும் இல்லேன்னா ராஜா காசுங்கறான்," என்று சொல்லிவிட்டு தட்டிலிருந்த ருபார்ப் பலகாரத்தில் முள்கரண்டியைக் குத்தினான்.

எல்டன் க்ரூகர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். மாதாந்திர நாணயச் சங்கக் கூட்டம் அவரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

"என்னப்பா, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறே?" என்றான் கோர்டி.

"ஒண்ணுமில்ல. பலகாரம் புளிக்குது."

வெண்ணெய் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எல்டன். நிக்கல்களை மட்டுமே சேர்ப்பார். அதிலும் அச்சு ஆழமாக விழுந்து, கொஞ்ச காலம் கை மாறிப் பழகியவை மட்டும்தான். கூட்டாளிகள் நாணயச் சாலையிலிருந்து வந்த மேனிக்கு மினுங்குபவற்றைத் தேடி ஓடுவார்கள். "யார் கையும் படாத காசோட எனக்கு என்ன பேச்சு?" என்பார் அவர். அந்த வருஷத்து டென்வர் காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு அச்சே சரியாக விழவில்லை. புதுக்காசுகூடத் தேய்ந்ததுபோல் இருக்கும், கொம்பு தெரியாது. கொம்பு முழுசாக விழுந்த ஒன்றை அவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். அது அண்ணன் ரோலண்டின் பையில் இருந்தது.

தீவனக் கடையில் சில்லறையாக வந்ததை ரோலண்ட் தன் பைக்காசாக வைத்துக்கொண்டான். இங்கே காசு சேர்ப்பவர்கள் ஆளுக்கு ஒன்றை அப்படிப் பையில் போட்டுத் தடவிக்கொண்டே திரிவார்கள். "ஒரு தடவ குடேன்" என்று எல்டன் பிடுங்கப் போனபோது அவர் கையிலிருந்த பேனாக்கத்தி வழுக்கியது. காசில் அந்தப் பிறை வெட்டு விழுந்தது அப்போதுதான்.

1951ஆம் வருஷ இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ஆற்றில் வாத்து வேட்டைக்குக் கிளம்புமுன் சாப்பாட்டு மேஜையில் ரோலண்ட் அந்தக் காசைச் சுண்டிச் சுண்டிப் பிடித்தான், பிறகு பையில் போட்டுக்கொண்டு போனான். அவன் திரும்பவில்லை, படகு மட்டும் நாணல் புதரில் கிடைத்தது. கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணின் மேல் அவன் பேரில் ஒரு கல் நட்டார்கள். வருஷாவருஷம் மே மாதக் கடைசியில் காபி டப்பாவில் பியோனிப் பூ வைப்பது எல்டனின் வேலை.

சனிக்கிழமை டெல்பர்ட்டின் கடைக்குப் போனார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறை அதே இடத்தில் இருந்தது. கொம்பும் அன்று பார்த்தபடியே இருந்தது. முப்பது வருஷத்துக்கும் மேல் ஒருவன் பையில் கிடந்திருந்தால் அது மழுங்கியிருக்கும். அப்படியானால் ஆற்றுச் சேற்றில் கிடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எடுத்து மூடிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சேற்றில் கிடந்ததற்கு ஒரு கறுப்பு, அலமாரியில் கிடந்ததற்கு வேறொரு சாம்பல். நிறம் சொல்லிவிடும்.

ஆனால் காசுக்கு நிறமே இல்லை.

"இது ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு, டெல்பர்ட்?"

"அழுக்கு எடுக்கற கரைசல்ல முக்கினேன். பார்க்கவே சகிக்கல, கறுப்பா இருந்துச்சு. நடுவுல ஒரு ஆள் வந்துட்டான், எடுக்க மறந்துட்டேன்."

"கறுப்புன்னா எப்படி? அடுப்புக்கரி மாதிரியா, ஈயம் மாதிரியா?"

"கறுப்புன்னா கறுப்புதான் பெரியவரே. கரியையும் ஈயத்தையும் பக்கத்துல வச்சா பாத்தேன்?"

மறுபடி லென்ஸை வைத்துப் பார்த்தார். காட்டெருமையின் விலாவில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. சேறு தின்றதா, கரைசல் தின்றதா? சங்கத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அவருக்கே தெரியவில்லை.

"யார் கொண்டுவந்தது?"

"ஒரு அம்மா. அக்கரை, விஸ்கான்சின். ஒரு சுருட்டுப் பெட்டி நிறைய. இன்னும் இருக்குன்னாங்க, அதான் நம்பர் வாங்கி வச்சேன்."

"பெட்டி யாரோடதாம்?"

"வீட்டுக்காரரோடதுன்னாங்க. பேர் கேக்கல. ஏன், திருட்டுக் காசா?"

எல்டன் காசையும் அந்த அம்மாவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி மார்லிஸ் சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் கேசரோலை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆத்துல மீன் பிடிச்சவன் எவனாவது எடுத்திருப்பான் எல்டன்."

"எடுத்திருக்கலாம்."

"போன எடுக்கறது உங்க அண்ணனாவே இருந்தா? என்ன கேப்ப? சொகமான்னா?"

"எங்கம்மா சாகறப்ப எங்க போனேன்னு கேப்பேன்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று அவர் யோசித்திருக்கவில்லை. அவன் ஆற்றில் போயிருந்தால் இத்தனை வருஷத் துக்கமாவது நிஜம். போகவில்லையென்றால் அந்தக் கல்லுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றது எதற்காக?

"சாப்பிட்டுட்டு போன் பண்ணேன்," என்றாள் மார்லிஸ். குரல் இறங்கியிருந்தது. "ஆறிடும்."

அவர் ஏற்கெனவே சுவரோரம் போய் போனில் நம்பரைச் சுற்றத் தொடங்கியிருந்தார். கடைசி இலக்கத்தில் விரல் வழுக்க, வைத்துவிட்டு முதலிலிருந்து சுற்றினார். அக்கரையில் மணி அடித்தது. மார்லிஸ் எழுந்து வந்து, அவர் காதருகே தன் காதையும் வைத்துக்கொண்டாள்.

"வீட்ல இல்ல போல," என்று கிசுகிசுத்தாள்.

"இரு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.