ஒரு முகத்துக்கு நாலு பேர்

படம் பிடிக்கிற தொழிலில் பாதி வேலை, வந்தவரை மூச்சடக்கி அசையாமல் இருக்கவைப்பது. மிச்சப் பாதி, படத்தைப் பார்த்துவிட்டு அவர் "இது நானில்லையே" என்று சொல்லும்போது நாம் அசையாமல் நிற்பது. இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். படத்துக்கு இருந்து அடிபட்டவர்களும் பக்கத்தில் வந்து இருக்கலாம். எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் மட்டக்களப்புப் புளியந்தீவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படித்த எனக்குப் பென்சில் வேலை. கண்ணாடித் தகட்டில் விழுந்த முகத்தைக் கூரான பென்சிலால் தொட்டுத் தொட்டு, சுருக்கத்தையும் தழும்பையும் மறைக்க வேண்டும். காத்தான்குடியில், அண்ணன் என்ற முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற மீராசாகிபும் ஆரையம்பதியில் நல்லதம்பியும் இதே தொழில் செய்தார்கள். மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்த பிறகு வசதியானவர்கள் கொழும்புக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். மிஞ்சியவர்களுக்காக இந்த மூன்று பேரும், வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற அளவுக்குப் பகையாக இருந்தார்கள்.

பழுகாமத்துப் போடியார்

பழுகாமத்தில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவர் மூன்று ஸ்டூடியோவிலும் படம் எடுத்திருந்தார். ஒரு நாள் காலையில் தோணியில் வாவியைக் கடந்து எங்கள் இடத்துக்கு வந்தார். வந்த பிறகுதான் தெரிந்தது, மற்ற இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பி அங்கேயே வரச் சொல்லியிருக்கிறார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். போடியார் சால்வைக்குள்ளிருந்து மூன்று படங்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

எங்கள் படத்தில் தலைப்பாகை பளிச்சென்று இருந்தது, சால்வை பளிச்சென்று இருந்தது, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிக்கட்டி. நல்லதம்பி முகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று கமராவைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கிறார். முகம் கொஞ்சம் தெரிந்தது, ஆனால் உடுப்பெல்லாம் உருகிப்போய், புகைக்குள்ளிருந்து ஒரு தலை முளைத்தது போல. மீராசாகிபு காக்கா பென்சிலால் வெளுத்து வெளுத்து, வெயில் குடித்துக் கறுத்த மனிசனைக் அரசாங்கக் கச்சேரி வெள்ளைத் துரையின் தம்பியாக்கியிருந்தார். போடியார் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"இந்த மூணு பேரிலயும் நான் ஆரெண்டு உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் பிறகு வாறன்."

சாக்கை எடுத்த அன்று

அவர் போன பிறகு மூவரும் போக மனமில்லாமல் இருந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மற்றவன் ஏதோ ரகசியம் வைத்திருக்கிறான் என்றுதான் இவ்வளவு காலமும் ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். பேசிப் பார்த்தால், தகட்டுப் பெட்டிக்குள் வருகிற ஒரே துண்டுக் காகிதத்தைத்தான் மூவரும் பின்பற்றியிருக்கிறார்கள். அதை எழுதிய சீமைக்காரர் நம் ஊர் முகம் ஒன்றைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். அன்றோடு ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. மீராசாகிபு காக்கா ஒரு சட்டம் போட்டார்: படத்தை நடுவில் வைத்தால் மற்றவர்கள் குறை சொல்லலாம், எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் தேவாலயத்தில் பிரசங்கம் கேட்கும்போதுகூட அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியிருந்ததில்லை.

எங்கள் ஸ்டூடியோவின் மேற்கு ஜன்னல் வாவியைப் பார்த்தது. தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறதென்று எப்போதும் அதில் சாக்குத் தொங்கும். ஒரு ஞாயிறு புழுக்கம் தாங்காமல் நான் சாக்கைக் கழற்றிப் போட்டேன். காக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நல்லதம்பி திடீரென்று, "காக்கா, அசையாதீங்க!" என்று கத்தினார். பாம்பாக்கும் என்று காக்கா கோப்பையும் கையுமாக அப்படியே விறைத்துப் போனார். பாம்பில்லை. வாவியிலிருந்து எழும்பிய வெளிச்சம் அவருடைய ஒரு பக்கக் கன்னத்தில் எண்ணெய் தடவினது போல நின்றது. மற்றப் பக்கம் இருட்டாக இருந்ததால் அடுத்த கிழமை நல்லதம்பி ஒரு தோணிப் பாயைச் சுமந்துகொண்டு வந்து எதிரே விரித்துப் பிடித்தார். பாயில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அந்த இருட்டுக்குள்ளும் மெதுவாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று அந்த வெளிச்சத்திலேயே காக்காவைப் படம் எடுத்தோம். இருட்டறைச் சிவப்பு விளக்கில் தட்டத்துக்குள் எழும்பிய படத்தை நாலு பேரும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். நெற்றி ஒரு கறுப்பு, கன்னம் ஒரு கறுப்பு, கண்ணுக்குக் கீழே வேறொரு கறுப்பு. ஒரு நிறத்துக்குள் இத்தனை நிறம் இருப்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் கரி பூசியிருக்கிறோம். ஒருவரும் குறை சொல்லவில்லை. தன் படத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்த மீராசாகிபு காக்காதான் கடைசியில் வாய் திறந்தார்:

"அல்லாவே, எண்ட முகத்துக்குள்ள இவ்வளவு இரிந்திச்சா!"

காத்தமுத்துவின் இரண்டு படம்

போடியாரும் அந்த வெளிச்சத்தில் வந்து இருந்தார். படத்தை நீட்டினோம், பார்த்தார், சால்வையில் சுற்றினார், ஒன்றும் சொல்லாமல் தோணி ஏறினார். எங்கள் தொழிலில் பேசாமல் போவதை விடப் பெரிய பாராட்டு இல்லை.

பிறகு ஆரையம்பதியிலிருந்து நல்லதம்பி ஒரு மீன்காரரைக் கூட்டிவந்தார். பெயர் காத்தமுத்து. கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாள், அதாவது அம்மை நோய், போட்டு முகம் முழுக்கத் தழும்பு. புது வெளிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு, அது ஒன்றையும் மறைக்காது. தகட்டில் ஒவ்வொரு குழியும் துலக்கமாக விழுந்திருந்தது. நான் பென்சிலைச் சீவினேன். "வைக்காதே தங்கச்சி, அது அந்தாளுட முகம்" என்றார் காக்கா. "அவர் படம் எடுக்கிறது வடிவா இருக்கத்தானே, வையுங்க அக்கா" என்றார் நல்லதம்பி. என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் ஓம் என்றார். சண்டை தீராததால் முதலில் பென்சில் வைக்காமல் ஒரு பிரதி எடுத்தோம். அதன்பின் நாள் முழுக்கக் குனிந்திருந்து ஒவ்வொரு தழும்பாக நிரப்பி இன்னொரு பிரதி எடுத்தேன். இரண்டையும் வைப்போம், அவரே எடுக்கட்டும் என்று ஏற்பாடு.

காத்தமுத்து தழும்புள்ள படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மற்றதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ஜன்னலடிக்குக் கொண்டுபோனார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு விரலால் அந்தக் கன்னத்தை மெல்லத் தடவினார். எங்கள் சண்டையில் யார் வென்றார்கள் என்று அறிய நாங்கள் நாலு பேரும் நெருங்கிப் போனோம். அவர் சொன்னார்:

"அம்மாள் வராட்டி நான் இவராத்தான் இருந்திருப்பன், இண்டைக்குத்தான் ஆளைக் காணுறன். ரெண்டு பேரையும் தாங்க, ஒண்டா வீட்ட கூட்டிப் போறன்."

கதவுக்கு வெளியே மூன்று வாத்திமார்

மீராசாகிபு காக்காவின் தங்கச்சி ஆமினா. அவவுடைய மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்தவர், வருத்தம் கடுமையாகி அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்தார். பயணம் பண்ணக் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். பொஞ்சாதியின் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பினார். ஆமினா அந்நிய ஆம்பிளையின் முன்னால் இருக்க மாட்டா. காக்கா ஒரு கிழமை யோசித்துவிட்டு என்னிடம் வந்து, "தங்கச்சி, நான் பிடிக்கலாம், ஆனா மாப்பிள்ளையைப் பாக்கிற பார்வை கூடப்பிறந்தவன்ர முன்னால வராது. நீதான் பிடிக்கவேணும்" என்றார். அதுவரை நான் கமராவின் முன்பக்கத்தைத் துடைத்திருக்கிறேனே தவிர, பின்பக்கத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதில்லை. மூவரும் சேர்ந்து படிப்பித்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் பிழை என்றார்.

அந்த நாளில் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டோம். வெளியே மூன்று வாத்திமார். "பாயைச் சரிச்சு வை!" "கண்ணைப் பார்த்துத் துலக்கம் எடு!" என்று மாறி மாறிக் குரல். ஆமினா முக்காட்டோடு தலையைக் குனிந்தபடி இருந்தா, நிமிரவேயில்லை. நான் கதவை ஓங்கித் தட்டி மூவரையும் வாயை மூடச் சொன்னேன். பிறகு கமராவுக்குப் பின்னால் வந்து, "ஆமினா, இந்தக் கண்ணாடிக்குள்ள அவர் படுத்திருக்கிறார் எண்டு நினையுங்க. என்ன கேப்பீங்க?" என்றேன். அவ மெல்ல நிமிர்ந்தா. கண்ணாடியைப் பார்த்தா. உதடு துடித்தது. "மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்டா. கோபமும் அன்பும் கலந்த ஒரு கேள்வி. நான் கமராவைத் திறந்து மூடுகிற ரப்பர்ப் பந்தை அமுக்கிவிட்டேன்.

கழுவியதும் நான், பிரதி எடுத்ததும் நான். உதடு கொஞ்சம் அசைந்து மங்கியிருந்தது. ஆனால் அந்தக் கண்கள் பார்ப்பவரைப் பதில் சொல்லாமல் விடாது. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து எடுத்ததில் அதுதான் ஆகச் சிறந்தது. மூன்று ஆம்பிளைகளும் அதைக் கடைசிவரை பார்க்கவில்லை, காக்காகூடக் கேட்கவில்லை. படத்தைத் துணியில் தைத்து மாப்பிள்ளையின் தம்பி கொழும்புக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தவரிடம் ஆமினா, என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறா. படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதானாம்:

"அவளுக்குச் சொல்லு, மருந்து குடிச்சிட்டன் எண்டு."

கடைசித் தகடு

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து தகடு வருவது நின்றது. மூன்று ஸ்டூடியோவிலும் இருந்ததை ஒன்றாக்கி எங்கள் இருட்டறையில் வைத்தோம். ஒரே ஒரு தகடு மிஞ்சியிருந்த நாளில் கரடியனாற்றிலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரரும் பொஞ்சாதியும் மாட்டுவண்டியில் வந்தார்கள். மடியில் ஒரு வயதுப் பொடியன். முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. "அதுகள்ர முகம் எனக்கே மறந்துபோகுது அம்மா" என்று அவள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தத் தகட்டை யாருக்கு வைத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

ஒரு தகடு, ஒரு தரம்தான். அசையாத பிள்ளை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. நான் அவர்களை இருத்தினேன். நல்லதம்பி பாயை உயர்த்திப் பிடித்தார். காக்கா ஜன்னலடியில் நின்று, வாவிக்கு மேலே மேகம் விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கையில் பந்து. பொடியன் துள்ளினான், தாலிக்கொடியை இழுத்தான், அழுதான். கிலுக்கை ஆட்டிச் சத்தம் காட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. "படம் பிடிக்கிறது ஒரு ஆள்ர வேலை எண்டு நினைச்சன், இது தேர் இழுக்கிற மாதிரியல்லவா கிடக்கு!" என்றார் கமக்காரர். மேகம் விலகியது. காக்கா கையை உயர்த்தினார். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினோம். அவ்வளவு சத்தம் போட்ட பெரிய ஆட்கள் திடீரென்று சிலையாகிவிட்டதைப் பொடியன் கண்டான். வாயைத் திறந்தபடி எங்களை அதிசயமாகப் பார்த்தான். அசையவில்லை. தாயும் தகப்பனும் கமராவை மறந்து அவனைப் பார்த்தார்கள். பந்து அமுங்கியது.

துண்டுக் காகிதத்தின்படி பார்த்தால் அந்தப் படம் முழுப் பிழை. ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை. ஆனால் தட்டத்துக்குள் அது எழும்பியபோது காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டார், நல்லதம்பி கண்ணைத் துடைத்தார், என் வீட்டுக்காரர் ஏதோ செபம் சொன்னார். படத்தை வாங்கிப் போக வந்த நாளில் பொடியன் தாயின் இடுப்பில் கொழுத்த கன்னத்தோடு இருந்தான். அவள் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்:

"உங்களை முந்தியே தெரிஞ்சிருந்தா மற்ற ரெண்டையும் பிடிச்சு வெச்சிருப்பமே அம்மா."

முகத்தைக் கடவுள் தனி ஆளாக நின்றே செய்துவிடுகிறார்; அதைக் கண்ணாடியில் இறக்க எங்களுக்கோ நாலு பேரும், ஒரு நாளும் தீராத ஒரு சண்டையும் வேண்டியிருந்தன.