குமராட்சிக்கு எழுதிய பலகை

அறுபதுகளில் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தபோது, "உங்கள் ஊரில்தான் கிளினிக் வைப்பேன்" என்று குமராட்சி விவசாயி கலியபெருமாளிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். ஊரார் அதை நம்பி, ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்தார்கள்.

அதற்குள் கல்யாணம் நிச்சயமானது. டாக்டர் மாப்பிள்ளைக்கு மாமனார் கிளினிக் வைத்துக் கொடுப்பது அப்போது வழக்கம். "வெள்ளம் வந்தா வழியே இல்லாத ஊருக்கா எம் பொண்ண அனுப்புவேன்?" என்று அவர் தம் ஊரான கடலூரிலேயே வைத்துக் கொடுத்தார். நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குமராட்சிக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

ஒருநாள் துணி சுற்றிய பலகையோடு கலியபெருமாள் வந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன்.

"உங்க பேரு எழுதிட்டோங்க. வேற யாருக்கும் ஆவாது. இங்கயே மாட்டிக்குங்க" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பெயருக்குக் கீழே குமராட்சி என்று இருந்தது.

அந்தப் பலகையை நான் மாட்டவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.