இரவல் விலாசம்

தட்சிணாமூர்த்தியின் கையெழுத்து அழகாக இருக்கும். தமிழானாலும் இங்கிலீஷானாலும் அச்சுக் கோத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். டெல்லி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் விரல் கணுவில் தட்டித் தட்டி வளர்த்த எழுத்து. கோல் மார்க்கெட் பக்கத்து பாங்குக் கிளையில் பாஸ்புத்தகம் எழுதுகிற வேலை யார் யாரிடமோ சுற்றினாலும் கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வந்து சேரும். அந்த எழுத்தை நம்பித்தான் ஒருத்தி தன் வீட்டை இழந்தாள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சவரம் செய்துகொள்ளும்போதும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதோடு சரி.

எழுபத்தைந்தாம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கியது அது. ஏழைகளுக்கு நாலு சதவீத வட்டியில் சின்னச் சின்னக் கடனாகக் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. நகை வேண்டாம், ஜாமீன் வேண்டாம். மார்ச் முடிவதற்குள் கிளைக்கு இருபது பேர். மானேஜர் மல்ஹோத்ரா செருப்புத் தைக்கிற ஒரு மோச்சி, இரண்டு இஸ்திரிக்காரர்கள், ஒரு சைக்கிள் பஞ்சர்காரன் என்று எப்படியோ பத்தொன்பது பேரைச் சேர்த்துவிட்டார். ஒரு ஆள் குறைந்தது.

"மூர்த்தி சாப், உங்க மதராசிகள்ல ஏழையே கிடையாதா? எல்லாரும் அண்டர் செக்ரட்டரிதானா?" என்றார் மல்ஹோத்ரா.

கிளையே சிரித்தது. தட்சிணாமூர்த்திக்கு ரோஷமாகவும் இருந்தது, ஒரு யோசனையும் வந்தது. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அருக்காணி இல்லையா?

அருக்காணி சங்ககிரிப் பக்கம். கட்டட வேலைக்கென்று புருஷனோடு டெல்லி வந்தவள். புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளோடு ரயில் பாதை ஓரத்துக் குடிசை ஒன்றில் இருந்தாள். ஐந்து வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அது போக, தெற்கேயிருந்து ரயிலில் வரும் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலையை ஸ்டேஷனில் ஒரு ஆளிடம் வாங்கிக் கூடையில் சுமந்து தமிழ்க் குடும்பங்களுக்கு விற்றாள். பஞ்சாபிக் கடைக்காரனிடம் கிடைக்காத சரக்கு அது. கூடையில் பத்துக் காய்க்கு மேல் கொள்ளாது என்பதுதான் அவள் குறை.

"பாங்குல ஐந்நூறு ரூபாய் கடன் தருவா. தள்ளுவண்டி வாங்கிக்கலாம்" என்றார் தட்சிணாமூர்த்தி, சமையலறை வாசலில் நின்றபடி.

"கடனா? வேண்டாமுங்க சார். எங்கூர்ல கடன் வாங்குனவுங்க பொழப்பப் பாத்துட்டுத்தானுங்க நாங்க ரயிலே ஏறுனோம்."

"இது வட்டிக்கடைக்காரன் கடன் இல்லை. கவர்மெண்ட் பாங்கு. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்தான் வட்டி."

"மாசத்துக்குங்களா?"

"வருஷத்துக்கு."

அருக்காணி தேய்த்துக்கொண்டிருந்த வெண்கலப் பானையை அப்படியே விட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடீன்னா எங்கியோ தப்பு இருக்குதுங்க" என்றாள்.

அவர் மனைவி வைதேஹி உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நாலு நாள் விடாமல் சொல்லிச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைத்தார். கேட்டு வந்தவளில்லை, அவர் பிடித்து இழுத்து வந்தவள் என்பது பின்னால் அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு இடத்தில் பேனா நின்றது. நிரந்தர விலாசம். குடிசைக்கு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. ரேஷன் கார்டு கொழுந்தன் பெயரில் இருந்தது. அவன் அதையும் எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். விலாசம் இல்லையென்றால் கடன் இல்லை. தட்சிணாமூர்த்தி இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டுத் தன் சொந்த விலாசத்தை எழுதினார். குவார்ட்டர் எண் நாற்பத்தொன்று, கோல் மார்க்கெட். பாஸ்புத்தகத்தின் அட்டையிலும் அதையே, தன் மிக நல்ல கையெழுத்தில்.

"நம்ம விலாசமா?" என்றாள் வைதேஹி. "இது என் பேர்ல அலாட் ஆன வீடாக்கும். ஞாபகம் இருக்கட்டும்." அவள் ஒரு மந்திரி அலுவலகத்தில் குமாஸ்தா. பெண்டாட்டி குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறவன் என்று நண்பர்கள் அவரைக் கேலி செய்வதுண்டு.

"பாங்கு லெட்ஜர்ல கிடக்கப்போறது. யார் பாக்கப்போறா?" என்றார் அவர்.

மஞ்சள் வர்ணம் அடித்த தள்ளுவண்டி வந்தது. மூன்றே மாதத்தில் அருக்காணி நாலு வீட்டு வேலையை விட்டாள். அவர்கள் வீட்டு வேலையை மட்டும் மரியாதைக்காக வைத்துக்கொண்டாள். காலையில் அவள் "முருங்கக்கா! சின்ன வெங்காயம்!" என்று கூவிக்கொண்டு வந்தால் இந்திக்காரர்களும் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். மாதாமாதம் ஐந்தாம் தேதி இருபது ரூபாயோடு பாங்குக்கு வருவாள். அவர் வரவு வைத்து எழுதுவதை எட்டி நின்று, கோலம் போடுவதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். பிறகு பாஸ்புத்தகத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவாள். வீட்டில் அதற்கு அரிசி டின்னுக்குள் இடம்.

கான்டீனில் அவர் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அந்தப் பாங்கில் பணம் கோடிக்கணக்கில் புரண்டது. அவருக்குத் தன் சொந்தக் கைக்காசு போலத் தோன்றியது அந்த ஐந்நூறு ஒன்றுதான்.

மறு வருஷம் ஏப்ரலில் ரயில் பாதைக் குடிசைகளை அகற்றப்போவதாகச் செய்தி வந்தது. எமர்ஜென்சிக் காலம். நகரம் முழுக்க அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. குடிசைக்காரர்களுக்கு யமுனைக்கு அக்கரையில் ஆளுக்கு இருபத்தைந்து கஜ மனை என்றார்கள். கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். காகிதம் வைத்திருப்பவர்கள் காகிதத்தைக் காட்டினார்கள். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்று எழுதிக்கொண்டார்கள்.

அருக்காணியிடம் காகிதம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் பாங்குக்கு வந்தாள். ஐந்தாம் தேதி இல்லை. தட்சிணாமூர்த்தி எழுந்து வெளியே வந்தார்.

"அரிசி டின்னுலருந்து எடுத்துப் பெருமையா நீட்டுனேனுங்க சார். கவர்மெண்ட் பாங்கு புஸ்தகம்னு. அந்த ஆளு அட்டையப் படிச்சுட்டுச் சிரிக்கிறானுங்க. 'அரே, மேம்சாப் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ல இருக்காங்க, இங்க மனைக்காகக் குடிசை போட்டிருக்காங்க'ன்னு எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்றான். பக்கத்துக் குடிசை ஏகாம்பரண்ணன், 'இல்லீங்க, இது ஏழு வருஷமா எங்ககூடத்தான் கெடக்குது'ன்னு அடிச்சுச் சொன்னாரு. 'எழுத்துல இருக்கறத நம்பறதா, உன் வாயில வர்றத நம்பறதா'ங்கறான். என் பேர அடிச்சுட்டானுங்க."

"சனிக்கிழமையோட லிஸ்ட மூடறாங்களாம். நீங்க ஒரே ஒரு லெட்டர் குடுங்க சார். அவ எங்க வீட்ல குடியிருக்கல, பாங்கு வசதிக்காக நாந்தான் எழுதினேன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க படிச்சவுங்க."

"தரேன். அதுக்கென்ன, தரேன்" என்றார். அன்று புதன்கிழமை.

வீட்டில் வைதேஹி முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவ இங்க இல்லைன்னு எழுதினேள்னா, பாங்குல நீங்க பொய் எழுதினதா ஆகும். இங்கதான் இருந்தாள்னு விட்டுட்டா, கவர்மெண்ட் வீட்டை நான் உள்வாடகைக்கு விட்டதா ஆகும். பத்து நிமிஷம் லேட்டா வந்தவாளையே சஸ்பெண்ட் பண்ணிண்டிருக்கா இப்போ. எது தேவலை? நீங்களே சொல்லுங்கோ."

"அவளுக்கு இருபத்தஞ்சு கஜம் நிலம், வைதேஹி."

"எனக்குத் தெரியாதா? ரெண்டு பொண்ணை வெச்சுண்டு எங்க போவா? எனக்கு ராத்திரி தூக்கம் வரப்போறதில்லை. ஆனா நமக்கும் ரெண்டு இருக்கே." சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுதாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை கடிதத்தை எழுதினார். வெள்ளிக்கிழமை அதைக் கிழித்துவிட்டு, 'என் அறிவுக்கு எட்டியவரை' என்று ஆரம்பித்து வேறு மாதிரி எழுதினார். அன்று சாயங்காலம் அருக்காணி வேலைக்கு வந்தபோது, "நாளைக்கு நானே நேர்ல போறேன்" என்றார். அவள் கண் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, மனைப் பட்டியல் போடுகிற அலுவலகத்துக்குப் போனார். வரிசை கேட்டையும் தாண்டி வெயிலில் நின்றது. ஒன்றரை மணி நேரம் நின்று ஜன்னலுக்கு வந்தார். சட்டைப் பையில் கடிதம். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். குடிசைக்காரர்கள் வரிசையில் ஸபாரி சட்டை போட்ட ஆள்.

"ஆப் கோன்? நீங்க யாரு?" என்றான். அவர் பதில் சொல்வதற்குள் ஒரு காகிதத்தைத் தள்ளினான். "பேர், ஆபீஸ், வீட்டு நம்பர் எழுதுங்க. விசாரிக்க ஆள் அனுப்புவோம்."

தட்சிணாமூர்த்தி பேனாவை எடுத்தார். முதல் எழுத்தைப் போட்டார். அந்த எழுத்து அவர் எழுத்தாகவே இல்லை, கோணிக்கொண்டு போயிற்று.

"இல்லை, சாப்... நான் ரேஷன் கார்டு விஷயமா வந்தேன்" என்றார் இந்தியில்.

"அது அடுத்த பில்டிங். இவ்வளவு நேரம் இங்க எதுக்கு நின்னீங்க?"

தட்சிணாமூர்த்தி அவனுக்கு நன்றி வேறு சொன்னார். அடுத்த கட்டடத்துக்குள்ளும் போனார், யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல. அங்கே ஒரு தூணுக்குப் பின்னால் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

பாங்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அருக்காணி காத்திருந்தாள்.

"நான் போறதுக்குள்ள லிஸ்டை மூடிட்டான், அருக்காணி."

அவள் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு, "அத்தாந்தூரம் வெயில்ல எனக்கோசரம் போனீங்களே சார், அதுவே பெரிசுங்க" என்றாள். நாலு முருங்கைக்காயை எடுத்துக் கட்டி அவர் கையில் திணித்தாள். காசு வாங்க மறுத்துவிட்டாள். வைதேஹி அன்று அதைச் சாம்பார் வைத்தாள். அவர் வயிற்று வலி என்று மோர் சாதத்தோடு எழுந்துவிட்டார்.

குடிசைகளை இடித்தார்கள். மற்றவர்கள் லாரியில் ஏறி யமுனைக்கு அக்கரை போனார்கள். அருக்காணி முனிர்காவில் நாற்பது ரூபாய்க்கு ஓர் அறை பிடித்தாள். வண்டியும் அங்கேயே போயிற்று. படிக்கிற பையன்கள் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் இடம், வியாபாரம் மோசமில்லை என்றாள். தூரமாகிவிட்டது என்று அவர்கள் வீட்டு வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஐந்தாம் தேதி தவறவில்லை. பஸ் பிடித்து வருவாள். இருபது ரூபாயை வைப்பாள். அவர் வரவு வைப்பார். இப்போதெல்லாம் அவள் எட்டிப் பார்ப்பதில்லை, சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வசூலாகாத கடன்களின் பட்டியலில் மோச்சி இருந்தான், பஞ்சர்காரன் இருந்தான். ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று அருக்காணி பெயரைக் காட்டி மல்ஹோத்ரா மேலிடத்துக்கு ஒரு கடிதமே எழுதினார். அதைச் சுத்தமாக எழுதிக் கொடுத்ததும் தட்சிணாமூர்த்திதான்.

எழுபத்தேழு மே மாதம் கடைசித் தவணை. அதற்குள் எமர்ஜென்சி போய், தேர்தலும் முடிந்துவிட்டது. ஜனங்கள் பஸ்ஸில் சத்தம் போட்டுப் பேசத் தொடங்கியிருந்தார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தட்சிணாமூர்த்தி முடிவு செய்திருந்தார். பயப்பட ஒன்றும் இல்லாத காலத்தில் வரும் தைரியம் அது. அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கடைசி வரியை எழுதினார். கணக்கு முடிந்ததற்கான முத்திரையைக் குத்தினார்.

"அருக்காணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு, அந்த ஆபீஸ்ல..."

"தெரியுமுங்க சார்."

அவர் கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தார்.

"ஏகாம்பரண்ணன் அன்னிக்கு வரிசையில உங்களுக்கு ரெண்டாளு பின்னாலதான் நின்னாருங்க. ரேஷன் கார்டுன்னு சொன்னீங்களாமா. பொழுதோடவே வந்து சொல்லிட்டாரு."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை... ஏன் மாசாமாசம் வந்து பணம்..."

"வாங்குனது பாங்குலீங்களே. அத எதுக்குங்க நிறுத்தோணும்?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள அவருக்கு ஏதாவது கிடைத்திருக்கும். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. பெரியவ ஸ்கூல் விட்டு வந்துருவா."

அவள் திரும்பினாள். மேஜையில் பாஸ்புத்தகம் கிடந்தது, பிளாஸ்டிக் பையோடு.

"புஸ்தகத்தை விட்டுட்டியே" என்று எடுத்து நீட்டினார்.

அருக்காணி அதை வாங்கவில்லை. அட்டையை ஒரு தடவை பார்த்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார். உங்க விலாசந்தானுங்களே."