மாம்பழ வேனும் தரங்கம்பாடி வாடையும்

வேனுக்குள் ஏறினாலே பழுத்து அழுகின மாம்பழ நாற்றம்... பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், சாம்பிராணி போட்டோம். போகவே இல்லை.

அறுபதுகளின் கடைசி. கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்காரர் அந்தப் பழைய வேனில் சீசனுக்கு மாம்பழ லோடு அடிப்பார். சீசன் முடிந்தால் வேன் சும்மா கிடக்கும். ஒரு ஜனவரியில் அதற்குள் கயிற்றுக் கட்டில்களைக் கட்டி, பம்ப் ஸ்டவ், தண்ணீர் டிரம், கேழ்வரகு மாவு எல்லாம் ஏற்றி, கடலோரமாகவே வேளாங்கண்ணி வரை நிதானமாகப் போய் வரலாம் என்று கிளம்பினோம். இப்போது கேரவன் என்கிறார்களே, அதை நாங்கள் அன்றைக்கே செய்தாயிற்று. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெறுமனே ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா ரோசலிக்காகத்தான். கணவர் இறந்ததும் பிறந்த வீட்டுக்கு வந்தவர். வருஷப் பூசையும் முடிந்துவிட்டது, அக்கா வாயே திறக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி வந்த புதுசு. அந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூட எனக்குப் பயம். அக்கா இப்படியே முடங்கிப்போய்விடுவாரோ என்று எல்லோருக்கும் கவலை.

ஊத்தங்கரை, திருவண்ணாமலை தாண்டி பாண்டிச்சேரியில் கடலைப் பிடித்தோம். அப்புறம் அவசரமே இல்லை... நிழல் கண்ட இடத்தில் வண்டி நிற்கும். மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன், களி கிண்டுவேன். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பேச்சு மட்டும் இல்லை.

வழியெல்லாம் வண்டி நாற்றத்துக்குப் பேச்சு வாங்கினோம். சிதம்பரத்தில் ஒரு டீக்கடைக்காரர், "வண்டிய அந்தாண்ட போடுங்க, ஈ மொய்க்குது" என்று விரட்டினார். என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில், சாயங்காலம், படகுகளை ஒட்டி மணலில் வண்டியை நிறுத்தி ஸ்டவ்வைப் பற்றவைத்தோம். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் ஓடிவந்தார்.

"வாடை அடிக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. வண்டிய இங்க போடாதீங்க, தோப்புக்குள்ள கொண்டு போயிடுங்க."

வந்ததே கோபம் என் வீட்டுக்காரருக்கு.

"மாம்பழ வாடதானய்யா, உன்ன என்னா பண்ணுது? இங்க கருவாட்டு வாட கொடலப் புடுங்குதே, நாங்க எதனா சொன்னமா?"

அந்த மனிதர் திருதிருவென்று முழித்தார். "கருவாடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம்தான். வடக்கிலிருந்து அடித்தது பாருங்கள் காற்று... ஸ்டவ் அணைந்தது, தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனது, களிச் சட்டி நிறைய மணல். வண்டியை எடுக்கப் பார்த்தால் சக்கரம் புதைந்துவிட்டது. அப்போது திட்டு வாங்கிய அதே மனிதர், மனைவியையும் இன்னும் சில ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து, வண்டியைச் சவுக்குத் தோப்புக்குள் தள்ளிவிட்டார்.

அவர் மனைவிதான் விளக்கினார். "வாடைன்னா காத்துங்க. வடக்கேருந்து வர்ற காத்து. நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

எங்கள் பக்கம் வாடை என்றால் நாற்றம்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் சேவியரு... அவுரு காத்தச் சொன்னா நீ கருவாட்டுக்குப் போயிட்டியேடா."

அக்கா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இவரும் சிரித்தார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அந்த மீனவர் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு.

ஊர் திரும்பியதும் அக்கா இந்தக் கதையை எதிர்வீட்டில் தெலுங்கில் சொன்னார், பால்காரரிடம் கன்னடத்தில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மொழி மாற்ற முடியாமல் திண்டாடினது தனிக் கூத்து. அப்புறம் பள்ளிக்கூட வேலைக்குப் போனார், பிள்ளைகளை அதட்டினார், எங்களோடு சண்டை போட்டார்... ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்தார்.

போன மாதம் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகள், படுக்கை, ஏசி, ஃப்ரிட்ஜ் வைத்த வேனை வாடகைக்கு எடுத்து அதே ரோட்டில் கூட்டிப்போனாள். சுகமான பயணம், குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்று எப்போது வரும் என்று அவள் போனே சொல்லிவிட்டது. ஆள் யாரும் ஓடிவரவில்லை.

அக்கா இப்போது இல்லை. அந்த மீனவரின் பேரைக்கூட அன்றைக்கு நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. திட்டினவனுக்கு உதவ அவர் திரும்பி வந்தார், அதனால்தான் எங்கள் வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.