வண்டி நின்ற இடத்துப் பூ

விரல்கள் பசைத்தாளை நூலிழை அகலத்துக்குக் கீறி, காய்ந்த தண்டின் குறுக்கே வைத்து அழுத்தின. பாலைவனத்துப் பூ, மூச்சுக் காற்று பட்டாலே இதழ் கழன்றுவிடும். கழன்றதைப் போட்டுவைக்க ஓரத்தில் ஒரு குட்டிக் காகித உறை. வலது மூலையில் சீட்டு: எந்த நாள், எந்த இடம், கண்டெடுத்தவர் யார்.

உலர்தாவரக் காப்பகத்தில் அவளுக்கு ‘ஒட்டக்கா’ என்று பெயர். படித்து வந்த வேலையல்ல. பத்தொன்பது வருஷமாக ஒட்டிக் கெடுத்து, கெடுத்துக் கற்றது. தப்பாக ஒட்டினால் பிரித்து ஒட்டலாம், சீட்டில் தப்பாக எழுதினால் செடி காலத்துக்கும் பொய் சொல்லும் என்பாள்.

இது ஏழாவது, கடைசித் தாள். ஏழிலும் கண்டெடுத்தவர் அவள் வீட்டுக்காரர், காப்பகத்து ஜீப் ஓட்டுநர். ‘இந்தப் பூ ஏழே இடத்தில்தான் முளைக்கிறது, ஓட்டுநருக்குக் கழுகுக் கண்’ என்று ஆய்வாளர் அறிக்கை எழுதி வைத்திருந்தார். தாள்களை இணைத்து அனுப்புவதுதான் பாக்கி. ஒரு வாரமாக வீட்டில் கழுகின் நடையே மாறியிருந்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூடப் பார்த்தே சொன்னார்.

ஏழாவது சீட்டில் தேதியை எழுதியபோதுதான் அவள் பேனா நின்றது. அன்று அவர் சட்டையெல்லாம் கிரீஸ். மூன்றாம் தாளின் நாளில் ரேடியேட்டர் கொதித்தது. ஐந்தாவது, டயர். ஜீப்புக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. வழியில் முறுக்கிக்கொண்டால் எத்தனை உபசாரம் செய்தாலும் நகராது.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

“ஏங்க, பூவைப் பாத்து வண்டிய நிறுத்தினீங்களா, வண்டி நின்ன பிறகு பூவைப் பாத்தீங்களா?”

துணி ஒரே இடத்தை நாலு முறை துடைத்தது.

“வண்டி நின்னதும் ஆய்வாளர் ஐயா கோவமா இறங்கினாரு. எதையாவது காட்டணும்ல?”

“ஏழு தடவையுமா?”

“மாப்பிள்ளை ஏழு தடவைதானே நின்னாரு.”

சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். கழுகு கோழியாகிவிட்டதென்று ஆபீசே சிரிக்கும் என்றார். அவள் வேறு கணக்குப் போட்டாள். மாப்பிள்ளை நூறு இடத்தில் நின்றிருந்தால் பூ நூறு இடத்தில் முளைத்திருக்குமோ என்னவோ, யார் கண்டது?

மேசைக்குத் திரும்பினாள். அவர் பெயரை அடிக்கவில்லை, கண்டெடுத்தது அவர்தானே. ‘குறிப்பு’ என்று காலியாகக் கிடந்த கோட்டில், ஏழு சீட்டிலும் ஒரே அளவு எழுத்தில் எழுதினாள்: ‘வண்டி பழுதாகி நின்ற இடம். நிற்காத இடங்களில் தேடவில்லை.’

மை காய்ந்ததும் ஏழு தாளையும் அட்டைக்குள் வைத்து நாடாவால் கட்டி, ஆய்வாளர் அறைக்கு எடுத்துப்போனாள்.

“முடிஞ்சுதாம்மா?”

“ஒட்டுற வேலை முடிஞ்சுது சார். தேடுற வேலைதான் பாக்கி. குறிப்பைப் படிச்சிட்டு அனுப்புங்க” என்று கட்டை அவர் கையில் வைத்தாள்.